பீரோ திறந்த செவ்வாய்க்கிழமை

இன்றைக்கு அந்த பீரோவா, நானா, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கலியாணசுந்தரம் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மூன்றாவது இட்லிக்கும் நான்காவது இட்லிக்கும் நடுவில்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. மற்ற நாட்களில் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்து புடவை பிரித்துக் காட்டுகிற வேலை. பட்டில் நகம் படக்கூடாது. மடிப்பு கலையக்கூடாது. குரல் உயரக்கூடாது. கடையில் இருக்கிற அத்தனை புடவையையும் பிரிக்க வைத்துவிட்டு, "மொதல்ல காட்டினீங்களே, அது எங்க?" என்று ஒரு அம்மா கேட்பார். "இதோ இருக்குதும்மா" என்று பூ மாதிரி சிரிக்க வேண்டும். இப்படி வாரம் முழுக்க உடம்பில் சேர்ந்து போகிற பலத்தை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும் அல்லவா? அவர் செவிலிமேட்டில் இருக்கிற தம் வீட்டில் இறக்கி வைத்தார்.

குக்கர் மூடி இறுகிக்கொண்டபோது அதைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். மூடி திறந்துகொண்டது. கதவு அதற்குப் பிறகு சாத்திக்கொள்ளவில்லை. குழாய் சொட்டுகிறது என்று சொன்னபோது ஸ்பேனர் தேடிப் பார்த்து, கிடைக்காமல், இடுக்கியால் ஒரு இறுக்கு இறுக்கினார். சொட்டுவது நின்றது. கொட்ட ஆரம்பித்தது. டிவி ரிமோட்டுக்கு சுவரில் நாலு தட்டுக் கொடுத்தார். சேனல் மாறியது. எதிர்வீட்டில்.

"எந்த சாமானுக்கும் மனசுல ஒரு பயம் இருக்கணும் அகிலா. பயம் இல்லாத சாமான் வேலை செய்யாது" என்பார்.

"சாமானுக்கு பயம் வந்துதோ இல்லியோ, எனக்கு வந்துடுச்சிங்க" என்பாள் அகிலா.

அகிலா அவர் மனைவி. ஆரி ஒர்க் செய்கிறவள். கல்யாணப் பெண்களின் ஜாக்கெட் துணியில் ஊசியால் மயிலையும் மாங்காயையும் வரவழைக்கிற கை. துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுகிற மரச்சட்டம் ஒன்று வைத்திருந்தாள். கட்டில் அகலம் இருக்கும். அது ஹாலில் டிவிக்கு முன்னால் கிடந்தது. அதைத் தாண்டித்தான் கலியாணசுந்தரம் சோபாவுக்குப் போக வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஜரிகை நூல் எது, மஞ்சள் நூல் எது என்று பிரித்துப் பார்த்து அகிலாவுக்குக் கண் எரியும்.

படுக்கையறையில் கிழக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் உண்டு. ஆனால் அப்படி ஒரு ஜன்னல் இருக்கிறது என்பது தெருவில் நின்று பார்த்தால்தான் தெரியும். உள்ளே அதை அடைத்துக்கொண்டு நின்றது பீரோ. இரும்பு பீரோ. முசரவாக்கத்தில் இருக்கும் கலியாணசுந்தரத்தின் அக்கா லோகாம்பாள், தம்பி வீடு கட்டியபோது மனமுவந்து கொடுத்தது. அறையில் மற்ற மூன்று சுவரும் அதற்குப் போதவில்லை. அக்கா வரும்போதெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகப் படுக்கையறைக்குப் போய் பீரோவைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

"அத எங்கயாவது தள்ளிட்டா, ஜன்னல் வெளிச்சத்துல ஒக்காந்து வேல செய்வேங்க" என்று அகிலா பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"எங்க அக்கா குடுத்தது. நிக்கிற எடத்துலதான் நிக்கும்" என்பார் அவர்.

"அக்கா மாதிரியேவா?"

"இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்லீங்க. காபி கலக்கட்டுமான்னேன்."

கொஞ்ச நாளாக அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அகிலா ஒரு விஷயத்தை விட்டுவிட்டாள் என்றால் கலியாணசுந்தரம் கவலைப்பட்டிருக்க வேண்டும். அவர் சந்தோஷப்பட்டார்.

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, தட்டில் நான்காவது இட்லியை வைத்துக்கொண்டே அகிலா சொன்னாள்: "இன்னாங்க, பீரோ தொறக்க மாட்டேங்குது."

"மாட்டேங்குதுன்னா?"

"சாவி சும்மா சுத்துது. கைப்பிடி அசையல. சாயங்காலம் பிள்ளையார்பாளையத்துல சித்தி பொண்ணுக்கு வளைகாப்பு. கத்திரிப்பூ கலர் பட்டு கட்டிக்கினு போலாம்னு இருந்தேன்."

கலியாணசுந்தரம் இட்லியை அப்படியே வைத்தார்.

"நான் பாக்கறேன்."

"வேணாங்க!" அகிலா பதறினாள். "தயவுசெஞ்சி நீங்க கை வெக்காதீங்க. பஸ் ஸ்டாண்டு கிட்ட பூட்டு ரிப்பேர்காரர் ஒருத்தர் இருக்காராம். மெதுவா, நோகாம தொறந்து குடுப்பாராம். அவர கூப்புடறேன்."

நோகாமல்! அந்த வார்த்தை அவரை எங்கேயோ தைத்தது. வாரம் முழுக்க நோகாமல் வேலை செய்துவிட்டு வந்தவரிடம், வீட்டிலும் ஒருத்தன் வந்து நோகாமல் திறப்பானாம். அதுவும் அக்கா கொடுத்த பீரோவை.

"எவனும் வர வேணாம். இது சாவி போட்டா தொறக்கற பீரோ இல்ல அகிலா. சாவடி போட்டாதான் தொறக்கும்."

"சொன்னா கேக்க மாட்டீங்களே" என்று அகிலா பெருமூச்சு விட்டாள். பெருமூச்சு விட்ட வேகத்திலேயே இரண்டு கோணிப்பைகளைக் கொண்டுவந்து பீரோவின் முன்னால் விரித்தாள். "டைல்ஸ் ஒடைஞ்சிடப் போவுது."

அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து பீரோ கதவில் இருந்த கண்ணாடியை, ஒவ்வொரு ஸ்க்ரூவாக, கீறல் இல்லாமல் கழற்றி ஹாலில் கொண்டுபோய் வைத்தாள். வீட்டில் ஸ்க்ரூடிரைவர் இருப்பதே கலியாணசுந்தரத்துக்கு அன்றுதான் தெரியும். ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆரம்பம் என்னவோ சாத்வீகமாகத்தான் இருந்தது. சாவித் துவாரத்தில் தேங்காயெண்ணெய் விட்டார். பீரோவுக்குத் தலை வாரிவிடாத குறை. சாவியைப் போட்டார். சுற்றியது. விரலுக்குப் பலம் போதவில்லை என்று இடுக்கியால் சாவியைப் பிடித்துத் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம்.

"தொறந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பாதி."

"பாதி தொறந்துடுச்சா?"

"பாதி சாவி உள்ள இருக்குது."

அடுத்தது கதவிடுக்கு. நெம்புவதற்குத் தட்டையாக, கெட்டியாக ஏதாவது வேண்டும் என்று கேட்டார். அகிலா தோசைத் திருப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழையது. புதியது ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நெம்பிய நெம்பில் தோசைத் திருப்பி கேள்விக்குறியாக வளைந்தது. பீரோ பதில் சொல்லவில்லை.

சுத்தியலைத் தேடினார். தலை இருந்தது. பிடி போன மாதம் ஒரு நாற்காலியைச் சரி செய்தபோது போய்விட்டிருந்தது. நாற்காலியும் கூடவே போயிருந்தது. அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைப்பிடியின் மேல் வைத்து ஒரு போடு. கைப்பிடி கழன்று கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது.

"உள்ள கண்ணாடி வளையல், பொம்ம எதுனா இருக்குதா? அதிருமே?" என்று கரிசனத்தோடு கேட்டார்.

"ஒடையற சாமான் ஒண்ணும் இல்லீங்க. நீங்க தைரியமா அடிங்க."

கலியாணசுந்தரத்துக்குக் கொஞ்சம் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளாக, இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கடைசியில் தம்முடைய திறமையை அவள் புரிந்துகொண்டாள்.

"இப்பவாவது ஒத்துக்கறியா, எங்கிட்ட ஒரு திறமை இருக்குதுன்னு?"

"திறமை இருக்குதுங்க. திறக்கத்தான் மாட்டேங்குது."

அவர் குழவியை ஓங்கிய நேரத்தில் வாசலில், "அண்ணா! அண்ணோவ்!" என்று கூப்பிடுகிற சத்தம். பக்கத்து வீட்டு நமச்சிவாயம். வீட்டு முன்னறையிலேயே தறி போட்டு நெய்கிறவர். தோளில் துண்டும் முகத்தில் திகிலுமாக நின்றார்.

"இன்னாண்ணா நடக்குது? நீங்க அடிக்கிற அடிக்கு எனக்குத் தறியில கால் தப்பிப் போவுது. பார்டர்ல யானை போட்டுக்கினு இருக்கேன். ஒரு யானைக்கு அஞ்சு கால் வந்துடுச்சி."

"பீரோ தொறக்கலப்பா."

"சாவி?"

"உள்ள."

"பீரோவுக்குள்ளயா?"

"பூட்டுக்குள்ள."

நமச்சிவாயம் பீரோவை மேலும் கீழுமாகப் பார்த்தார். கதவில் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "ஸ்ட்ராங்கான பாடி" என்றார், டாக்டர் மாதிரி.

"அதுக்கு இன்னா செய்யலாம்?"

"எங்க வீட்டுல கடப்பாரை இருக்குதுண்ணா. எடுத்தாறேன். சீக்கிரம் முடிச்சாத்தான் என் யானை பொழைக்கும்."

கடப்பாரை வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கதவின் கீழ்ப்பக்கத்தில் கொடுத்து அழுத்தினார்கள். கதவு நெளிந்தது. சிரித்தது. திறக்கவில்லை. கலியாணசுந்தரம் கட்டிலின் மேல் ஏறி நின்று கடப்பாரையின் மேல் குதிக்கலாமா என்று யோசித்தார். நமச்சிவாயம் கட்டிலைப் பார்த்தார். குதிக்கிறவரின் எடையைப் பார்த்தார். "வேணாண்ணா. அப்புறம் கட்டிலையும் தொறக்க வேண்டியிருக்கும்" என்றார்.

இருவரும் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தபோது அகிலா மோர் கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்: "முன்னாடிதான் மொத்தமான இரும்பு. பின்னாடி வெறும் தகடுதான்."

கலியாணசுந்தரமும் நமச்சிவாயமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்கூட அதத்தான் யோசிச்சிக்கினு இருந்தேன்" என்றார் கலியாணசுந்தரம்.

பின்பக்கம் போக வேண்டுமென்றால் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்த வேண்டும். கோணிப்பையின் மேல் ஏற்றி, "ஐலசா... இழு!" என்று இருவரும் இழுத்தார்கள். பீரோ முனகியது. நகர்ந்தது. இன்னும் நகர்ந்து அறையின் நடுவுக்கு வந்தது.

அப்போதுதான் ஜன்னல் வெளியே வந்தது. அகிலா போய்க் கதவைத் தள்ளினாள். துருப்பிடித்த தாழ்ப்பாள்தான், அவள் விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளியதும் சத்தமில்லாமல் திறந்துகொண்டது. வெயில் உள்ளே வந்து தரையில் பாய் போட்ட மாதிரி விழுந்தது. தெருவில் டவுன் பஸ் போனது. முருங்கைமரத்து நிழல் சுவரில் ஆடியது. இந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது என்ன நிறம் அடித்தோம் என்பதே கலியாணசுந்தரத்துக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது. இளம்பச்சை.

அகிலா அந்த வெயிலில் ஒரு நிமிஷம் நின்றாள். உள்ளங்கையை விரித்து அதில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். "சரி, நீங்க பாத்துக்குங்க. நான் குளிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டாள்.

பின் தகடு நிஜமாகவே மெல்லிசுதான். கடப்பாரையின் முனையை வைத்துக் குழவியால் ஒன்று போட்டதும் ஓட்டை விழுந்தது. அவ்வளவுதான். பிறகு கலியாணசுந்தரத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. கடையில் புடவை பிரித்துக் காட்டிய இத்தனை வருஷத்து நளினமும் அந்தத் தகட்டின் மேல் இறங்கியது. கோணியைக் கிழிக்கிற மாதிரி கிழித்தார். ஒரு பக்கம் முழுக்கச் சுருண்டு வந்தது. தட்டுகள் சாய்ந்தன. பூட்டு தானாகவே கழன்று விழுந்தது. முன்கதவு இரண்டும், இனி எதற்கு என்று நினைத்ததுபோல, மெல்லத் திறந்துகொண்டன.

"தொறந்துட்டேன்! அகிலா, தொறந்துட்டேன்!"

நமச்சிவாயம் எட்டிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். தலையை உள்ளே விட்டே பார்த்தார்.

"அண்ணா."

"இன்னா?"

"உள்ள ஒண்ணுமே இல்லியே."

கலியாணசுந்தரம் குனிந்தார். மேல்தட்டில் ஒன்றுமில்லை. நடுத்தட்டில் ஒன்றுமில்லை. கீழ்த்தட்டில் ஒரு பாச்சை உருண்டை உருண்டு வந்து அவரைப் பார்த்து நின்றது.

"திருட்டுப் போயிடுச்சிடா நமச்சிவாயம்! அகிலா! அந்தக் கத்திரிப்பூ கலர் பட்டு..."

திரும்பினார். கத்திரிப்பூ கலர் பட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. அகிலா அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். கையில் ஆரி சட்டத்தின் ஒரு முனை.

"நமச்சிவாயம், அந்தப் பக்கம் கொஞ்சம் புடிப்பா" என்றாள்.

நமச்சிவாயம் பிடித்தார். சட்டம் ஜன்னலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அளந்து செய்த மாதிரி இருந்தது. அளந்திருக்கிறாள் என்று கலியாணசுந்தரத்துக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான் என் யானைய பாக்கறேம்மா" என்று நமச்சிவாயம் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

"அகிலா. இந்தப் பொடவ எப்படி வெளிய வந்துது?"

"நேத்தே எடுத்து வெச்சிட்டேங்க. துணி மொத்தம் கட்டிலுக்கு அடியில இருக்கற பொட்டியில இருக்குது."

"அப்போ பீரோ தொறந்துதா?"

"நேத்து தொறந்துது. கைப்பிடிய லேசா தூக்கிக்கினு முட்டியால ஒரு இடி இடிச்சா தொறக்கும். நான் தினம் அப்பிடித்தான தொறக்கறேன்."

"இத காலையிலயே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நான் இன்னா சொன்னேன்? கை வெக்காதீங்கன்னுதான சொன்னேன்?"

இன்றைக்குக் காலையில் இந்த வீட்டில் சரியான யோசனை சொன்ன ஒரே ஆள் அவள்தான். அதைக் கேட்காதவர் அவர். எந்தப் பக்கம் திருப்பினாலும் வழக்கு அவர் மேலேயே வந்து விழுந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அகிலா சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வளைகாப்புக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது என்று ஊசியை எடுத்தாள். பாதியில் நின்றிருந்த மயிலின் கழுத்தில் நாலு தையல் ஓடியது. வெயிலில் அந்தக் கழுத்து நீலமா பச்சையா என்று சொல்ல முடியாமல் மின்னியது. கண்ணைச் சுருக்காமல் அவள் வேலை செய்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தார். உடனே பலமான ஒரு விஷயம் அவருக்கு ஞாபகம் வந்தது. எழுந்து நின்றார்.

"சரி. எங்க அக்கா வந்து கேட்டா? அக்காவுக்கு யார் பதில் சொல்றது?"

அகிலா ஊசியை நிறுத்தவில்லை. "ஒடைச்சவங்கதான் சொல்லணும். சாட்சிக்கு நமச்சிவாயம் இருக்காரு."

கலியாணசுந்தரத்தின் கை தானாகக் காதுக்குப் போனது. லோகாம்பாள் அக்கா சின்ன வயதில் அவர் காதைப் பிடித்துத் திருகியதெல்லாம் இன்னும் காதிலேயே இருக்கிறது. அக்கா தாமாகத் தெரிந்துகொள்வதற்குள் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று போனை எடுத்தார். எலி என்று சொல்லலாமா? எலி பீரோவைக் கிழிக்காது. துரு என்று சொல்லலாம். பாலாற்றுக் காத்து, உப்புக் காத்து... கடல் அல்லவா உப்பு? பரவாயில்லை. நம்பரைப் போட்டார். அகிலா நகர்ந்து வந்து ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பவும் மயிலிடம் போய்விட்டாள்.

"ஹலோ, அக்கா..."

"இன்னாடா சுந்தரம், பீரோ ஒழிஞ்சுதா?"

தயாராக வைத்திருந்த துரு அவர் தொண்டையிலேயே பிடித்துக்கொண்டது.

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"அகிலா போன வாரம் வந்திருந்தாளே. 'அண்ணி, நீங்க குடுத்தது, எடுக்கவும் முடியல, வெச்சிக்கவும் முடியல'ன்னு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு ஒக்காந்திருந்தா. எனக்கே பாவமாப் போச்சி. அது எங்க வீட்டுலயே தொறக்காத பீரோடா. உங்க மாமா இடிச்சி இடிச்சித்தான் அவருக்கு முட்டி வலியே வந்துது. அதனாலதான உன் தலையில கட்டினேன்."

"அப்போ வரும்போதெல்லாம் ஆசையா தடவித் தடவிப் பாப்பியே?"

"திரும்பக் குடுத்துடுவியோன்னு பயந்து பாப்பேன்."

கலியாணசுந்தரம் கிழிந்து கிடந்த பீரோவைத் திரும்பிப் பார்த்தார். "வேணாம், தூக்கிப் போடுறான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லக்கா?"

"சொன்னா? 'எங்க அக்கா குடுத்தது'ன்னு கட்டிப் புடிச்சிக்குவ. உன்ன எனக்குத் தெரியாதா? அதான் அகிலாகிட்ட சொன்னேன். நீ ஒண்ணும் பண்ணாதம்மா, லீவு நாளாப் பாத்து அவன்கிட்ட 'கை வெக்காதீங்க'ன்னு மட்டும் சொல்லு, மீதிய அவன் பாத்துக்குவான்னு."

பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது. அகிலாவின் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. முகம் மயிலின் மேல் கவிழ்ந்திருந்தது.

கலியாணசுந்தரம் நிமிர்ந்தார். சட்டையில்லாத மார்பில் துருவும் எண்ணெயுமாக, ஒரு சபதம் செய்கிற தோரணையில் நின்றார்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இன்னையோட சரி. இனிமே இந்தக் கையால ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன். எது ஒடைஞ்சாலும், எது இறுகினாலும், எவன வேணா கூப்பிட்டுக்குங்க. என்ன யாரும் ஏமாத்த முடியாது."

"நல்லதாப் போச்சி" என்றார் லோகாம்பாள். "நானே சொல்லணும்னு இருந்தேன். இங்க கெணத்து மோட்டார் இறுகிக்கினு சுத்த மாட்டேங்குது. மெக்கானிக்கு வந்து பாத்துட்டு, யாராலயும் ஆவாதுன்னுட்டுப் போயிட்டாரு. நீ பாட்டுக்கு வந்து அதுல கை கிய் வெச்சிடாத, இன்னா?"

அவர் லுங்கியை இன்னொரு தடவை இறுக்கி மடித்துக் கட்டினார்.

"எந்தப் பக்கம் இறுகிக்கினு இருக்குதுக்கா?" என்று கேட்டார் கலியாணசுந்தரம்.